ஆணியா காசான்னு தோண்டாமலே தெரிஞ்சிக்க

மெட்டல் டிடெக்டர்ல நல்ல ஹை டோன் கேட்டதும் மண்வெட்டிய எடுத்துடாதீங்க, அந்த இடத்தைச் சுத்தி 90 டிகிரி தள்ளி நின்னு இன்னொரு தடவ காயில (டிடெக்டரோட அடியில இருக்கற தட்ட) ஓட்டிப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே டோன், ஸ்கிரீன்ல காட்டுற நம்பரும் பெருசா ஆடலைன்னா தோண்டலாம். ஒரு பக்கம் கணீர்னு கேட்டு மறுபக்கம் வெட்டி வெட்டிக் கேட்டாலோ, இரும்போட லோ டோனுக்கு இறங்கினாலோ, பின்பாயிண்ட் பண்றப்ப (சரியா எங்க இருக்குன்னு குறிக்கறப்ப) இடம் தள்ளிப் போனாலோ பெரும்பாலும் அது துருப்பிடிச்ச ஆணிதான்.

காசு வட்டமா தட்டையா இருக்கறதால எந்தப் பக்கத்துலேர்ந்து போனாலும் அதுல உண்டாகுற எடி கரண்ட் (டிடெக்டரால உலோகத்துக்குள்ள சுழலுற மின்சாரம்) ஒரே மாதிரிதான் இருக்கும். ஆணி நீளமானது, காந்தம் இழுக்குற உலோகம் வேற, அதனால நீளவாக்குல ஓட்டுறப்ப ஒரு சிக்னல் குறுக்க ஓட்டுறப்ப வேற சிக்னல், அதுலயும் வளைஞ்ச ஆணியோட நுனி காசு மாதிரியே சத்தம் குடுக்கும்.

ஆனா இரும்பு வாஷர், வளையம், தட்டையான தகடு இதுக்கெல்லாம் இந்த டெஸ்ட் எடுபடாது, எல்லா பக்கமும் நல்லாவே கேட்கும். இங்கிலாந்துல ரோமன் காலத்து வீடு இருந்த வயல் மாதிரி ஆணி கொத்துக் கொத்தா கிடக்குற இடத்துலயும் இத நம்பி விட்டுட்டுப் போகாதீங்க, ஆணிக்குப் பக்கத்துல கிடக்குற காசு ஒரு பக்கம் மட்டும்தான் கேட்கும், செங்குத்தா நிக்கிற காசும் அப்படித்தான். அங்கெல்லாம் சின்ன காயில் போட்டு மெதுவா ஓட்டுங்க, ஒரு பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப சுத்தமா கேட்டாலே தோண்டிடுங்க.