ஆமிஷ் ஊர்ப்பக்கம் போகிறவர்கள் செய்யும் தப்புகள்

கார், மின்கம்பி இணைப்பு எதுவும் வேண்டாம் என்று பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவினர் ஆமிஷ்காரர்கள். அவர்கள் நிறைய பேர் இருக்கும், அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் கவுண்டிக்கு பிலடெல்பியாவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்தான் என்பதால், நியூஜெர்சிப் பக்கம் இருக்கிற நம்மவர்கள் பலர் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை அங்கே கூட்டிப்போகிறார்கள். போவதும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, தப்பே அங்கேதான் தொடங்குகிறது. அன்றைக்கு ஆமிஷ்காரர் கடை எதுவும் திறந்திருக்காது. பண்ணை ஒன்றில் வரிசையாகக் குதிரை வண்டிகள் நின்றால் ஏதோ திருவிழா என்று காரை உள்ளே விட்டுவிடாதீர்கள். அவர்களுக்குச் சர்ச் கட்டடம் கிடையாது, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் யாராவது ஒருவர் வீட்டில் வழிபாடு நடக்கும், நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

அடுத்தது சாலை. இதில்தான் உயிர் போகிற விஷயம் இருக்கிறது. பேர்ட்-இன்-ஹேண்ட், இன்டர்கோர்ஸ் ஊர்கள் வழியாகப் போகும் 340ஆம் எண் சாலையில் சாம்பல் நிறக் குதிரை வண்டி, முதுகில் ஆரஞ்சு முக்கோணம், மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வாக்கில் போய்க்கொண்டிருக்கும். மேடு ஏறி இறங்கியதும் நேர் எதிரே அதன் பின்புறம் தெரியும்போது பிரேக் பிடிக்க இடம் வேண்டும். ஹாரன் அடிக்கவே கூடாது, குதிரை மிரண்டால் உள்ளே இருக்கும் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து. எதிரே வண்டி வருகிறதா என்று நன்றாகப் பார்த்து, இடைவெளி விட்டு மெதுவாகத் தாண்டுங்கள், தாண்டும்போது ஜன்னலை இறக்கி போனை நீட்ட வேண்டாம்.

போட்டோ விஷயத்தில் நம் ஆட்கள் கொஞ்சம் மோசம். உருவம் செய்யாதே என்கிற வேதக் கட்டளையும், தன்னைக் காட்டிக்கொள்வது பெருமைக்கு இடம் கொடுக்கும் என்ற எண்ணமும் சேர்ந்து, படத்துக்கு நிற்பதை அவர்கள் ஏற்பதில்லை. தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுப்பதும் அதே தப்புதான். வயல், களஞ்சியம், கொடியில் காயும் துணி எல்லாம் எடுங்கள், முகத்தை விட்டுவிடுங்கள்.

குறிப்பாகப் பள்ளிக்கூடங்களை விட்டுவிடுங்கள். 2006 அக்டோபரில் இதே கவுண்டியில் நிக்கல் மைன்ஸ் என்ற இடத்து ஆமிஷ் பள்ளியில் ஒருவன் புகுந்து சுட்டதில் ஐந்து சிறுமிகள் இறந்தார்கள், அந்தக் கட்டடத்தையே சில நாட்களில் இடித்துவிட்டார்கள். இன்னமும் அந்த இடம் எங்கே என்று கேட்டுக்கொண்டு போகிறவர்களை என்ன சொல்வது?

அப்புறம், ஆமிஷ் இளைஞன் கையில் பேட்டரி டிரில்லைப் பார்த்துவிட்டு "எல்லாம் வேஷம்" என்று சிரிப்பது. மின்சாரமே பாவம் என்று அவர்கள் சொல்லவில்லை, வெளியுலகத்தோடு கட்டிப்போடும் மின்கம்பி இணைப்புதான் வேண்டாம் என்கிறார்கள். அதனால் தச்சுப் பட்டறை இயந்திரம் காற்றழுத்தத்தில் ஓடும், பிரிட்ஜ் கேஸில் ஓடும், போன் வீட்டுக்குள் இல்லாமல் வெளியே ஒரு சின்னக் குடிலில் இருக்கும். எது சரி, எது கூடாது என்பது சபைக்குச் சபை மாறும். எளிய உடையில் சைக்கிளில் போகிறவர் அங்கே பெரும்பாலும் மெனோனைட் என்ற நெருங்கிய இன்னொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், ஆமிஷ்காரர்கள் காலால் உந்தும் ஸ்கூட்டரில்தான் போவார்கள்.

சில்லறை நோட்டு கையில் வைத்துக்கொள்ளுங்கள். பல பண்ணை வாசல்களில் ஒரு மேசை, அதில் தக்காளியும் ஜாம் பாட்டிலும், பக்கத்தில் பணம் போட ஒரு டப்பா, அவ்வளவுதான். ஆள் இருக்காது, கார்டும் செல்லாது.