யாழ்ப்பாணத்தில் முதல் வாடகை வீடு: முதலில் கிணற்றடிக்குப் போங்கள்

வேலை கிடைத்தோ கம்பஸ் கிடைத்தோ யாழ்ப்பாணத்துக்கு வந்து முதல் தடவையாக வீடு தேடுகிறவர்கள், வாடகை எவ்வளவு, டைல்ஸ் போட்டிருக்கா, வைஃபை வருமா என்று கேட்டுவிட்டு வீட்டை எடுத்துவிடுகிறார்கள். வாடகையைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்பு பின்பக்கம் போய்க் கிணற்றைப் பாருங்கள்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிற மழைத் தண்ணீரைத்தான் எல்லாரும் அள்ளுகிறோம், அதனால் ஒரே ஒழுங்கையில் ஒரு வளவுக் கிணறு நல்ல தண்ணீராகவும் அடுத்த வளவுக் கிணறு உவராகவும் இருக்கும். கொஞ்சம் வாயில் விட்டுப் பாருங்கள், கையில் சவர்க்காரம் போட்டு நுரைக்கிறதா என்று பாருங்கள், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன கேத்தல் இருந்தால் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளைப் படிவு கேத்தலைத்தான் பழுதாக்கும், அதைச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது மலக்குழி. அது எங்கே இருக்கிறது, கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று நேரடியாகக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். உங்கள் வளவில் தள்ளி இருந்தாலும் பக்கத்து வளவு மலக்குழி மதிலோடு ஒட்டி உங்கள் கிணற்றுக்குக் கிட்ட இருக்கலாம், காணிகள் துண்டு துண்டாகப் பிரிந்துபோன நகரப் பக்கத்தில் இது நிறைய. நம்முடைய நிலத்தடியில் கழிவும் தோட்டத்து உரமும் சுலபமாகத் தண்ணீரோடு கலந்துவிடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உரத்தாலும் கழிவாலும் தண்ணீரில் கலக்கிற நைத்திரேற்று போகாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பால்மா கரைக்கக் கிணற்றுத் தண்ணீரை நம்பவே வேண்டாம். குழாய்த் தண்ணீர் இணைப்பு இருக்கிறதா, இல்லாவிட்டால் சுத்திகரித்த குடிநீர் கிட்ட எங்கே எடுக்கலாம் என்று கேட்டு, அந்தச் செலவையும் வாடகையோடு சேர்த்துப் பாருங்கள்.

இடத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். யாழ் பல்கலைக்கழகம் என்றவுடன் திருநெல்வேலியில் அறை தேடத் தொடங்காதீர்கள், பொறியியல், விவசாயம், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. மற்றவர்களுக்குத் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கம் வசதி, சைக்கிளிலேயே போய் வரலாம், சந்தையும் கிட்ட. நல்லூர் கோவிலடியில் எடுக்கிறவர்கள் திருவிழா 25 நாளும் சுற்று வீதிகளை மூடுவார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள், மோட்டார் சைக்கிளை எங்கே விடுவது என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

வெயில் காலத்தில் வீடு பார்க்கிறவருக்கு மாரி தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் நிற்கிற ஒழுங்கைகள் உண்டு. வீட்டுக்காரர் "இங்கே தண்ணி நிக்காது" என்றுதான் சொல்வார், முக்கில் இருக்கிற கடைக்காரரிடம் கேளுங்கள். சுவரின் அடியில் பெயின்ற் உப்பிப்போய்க் கோடு விழுந்திருந்தால் கேட்கவும் தேவையில்லை. மேல்மாடி என்றால் பகல் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள், சித்திரை வெயிலில் கொங்கிறீற் தட்டுக்குக் கீழே இரவும் படுக்க முடியாது.

கரண்ட் விஷயத்தில் இரண்டு சண்டை வரும். முதலாவது மீற்றர். அன்னெக்ஸ், அதாவது வீட்டுக்காரரின் வீட்டோடு சேர்ந்த தனிப் பகுதி, எடுக்கிறவர்களுக்கு அநேகமாகத் தனி மீற்றர் இருக்காது, வீட்டுக்காரரின் மீற்றரோடு ஒரு உப மீற்றர் போட்டிருப்பார்கள், அதுகூட இல்லாமல் "பில்லில் பாதி" என்பவர்களும் உண்டு. அலகு கூடக் கூட ஒரு அலகின் விலையும் கூடுகிறது, மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டண முறையே மாறும். இரண்டு குடும்பம் ஒரு மீற்றரில் இருந்தால் குறைவாகப் பாவிக்கிறவரும் கூடிய விலைதான் கொடுப்பார். ஆகவே எப்படிப் பிரிப்பது என்று முதலே பேசி எழுதுங்கள். கிணற்று மோட்டர் யாருடைய மீற்றரில் ஓடுகிறது என்பதையும் விடாதீர்கள், அதுதான் பிறகு வாய்த்தர்க்கமாக வரும். இரண்டாவது வயரிங். பழைய வீடுகளில் வட்ட முள்ளுப் பிளக்தான், இப்போது விற்கிற சாமான்களுக்குச் சதுர முள்ளு. அடாப்டருக்கு மேல் அடாப்டர் போட்டு பிறிஜ்ஜும் அயர்ன் பொக்ஸும் ஓட்டக்கூடாது. கரண்ட் ஒழுகினால் தானாக வெட்டிவிடுகிற ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து, அதன் பரிசோதனைப் பொத்தானை அழுத்துங்கள், டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றித் தரச் சொல்லுங்கள், ஈரச் சுவரும் கிணற்று மோட்டரும் உள்ள வீட்டில் இது உயிர் விஷயம்.

இனிக் காசு. அட்வான்ஸ் மூன்று மாதம், ஆறு மாதம், சிலர் ஒரு வருடம் என்று கேட்பார்கள். தொகையைவிட முக்கியம் அது எந்த மாதிரி அட்வான்ஸ் என்பது: மாத வாடகையில் கழிக்கிறதா, போகும்போது திருப்பித் தருகிறதா? இரண்டு பேரும் வேறு வேறாக நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள், இரண்டு வருடம் கழித்துத்தான் வெடிக்கும். தருகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள், வங்கியில் போடுவது இன்னும் நல்லது.

வீட்டுக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பது இங்கே சாதாரணம். காசு வாங்குகிறவர் தம்பியாக, மச்சானாக, தரகராக இருப்பார். அவரிடம் அற்றோணித் தத்துவத்தின், அதாவது வீட்டுக்காரர் தன் சார்பில் நடக்க அவருக்கு அதிகாரம் கொடுத்த பத்திரத்தின், பிரதியைக் கேளுங்கள், காணி உறுதியில் இருக்கிற பெயரும் அதில் இருக்கிற பெயரும் ஒன்றா என்று பாருங்கள், முடிந்தால் வீட்டுக்காரரோடு வீடியோவில் ஒருக்கால் கதையுங்கள். கோபித்துக்கொண்டால் அந்த வீடு வேண்டாம்.

ஒப்பந்தத்தைக் கடையில் விற்கிற தாளில் எழுதிக் கையெழுத்து வைப்பதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்பாக இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தாளில் இரண்டு வருடம் என்று இருந்தாலும் அந்த இரண்டு வருடத்தைப் பிடித்து நிற்க முடியாது. நொத்தாரிசுக்குச் செலவாகும்தான், ஆனால் ஆறு மாத அட்வான்ஸ் கொடுக்கிறவர் அந்தச் செலவில் மிச்சம் பிடிக்கக்கூடாது. கிராம சேவையாளரிடம் பதிய வீட்டுக்காரர் சம்மதமா என்றும் அப்போதே கேளுங்கள், வதிவிடச் சான்றிதழ் தேவைப்படும் நாளில் கேட்டால் சிலர் பின்னடிப்பார்கள்.

சாப்பாடு, ஆட்கள் வருவது, கேற் பூட்டுகிற நேரம் எல்லாம் வாயால் சொல்கிற சட்டங்கள். மச்சம் சமைக்கலாமா, திருவிழாக் காலத்தில் மட்டும் கூடாதா, அம்மா வந்தால் ஒரு கிழமை நிற்கலாமா என்று கேட்டுத் தெளிவாக்குங்கள். பெண் பிள்ளைகள் இரவு டியூட்டி முடிந்து வருகிறவர்கள் என்றால் கேற் திறப்பு ஒன்று கையில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம், "எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், ஊரில் எந்தக் கோவிலடி" என்று சுற்றிச் சுற்றிச் சிலர் கேட்பது எதற்கென்று நம் எல்லாருக்கும் தெரியும். சாதி பார்த்து வீடு கொடுக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது, அது வெட்கக்கேடு. உங்களில் ஒரு குறையும் இல்லை. பொய் சொல்லி அந்த வீட்டுக்குள் போனால் தினமும் பயந்து பயந்து இருக்க வேண்டும், எழும்பி வாருங்கள். அதைக் கேட்காமல் வீடு தருகிறவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள், தேடக் கொஞ்சம் நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

குடிபுகும் நாளை வீட்டுக்காரரோடு பேசி வையுங்கள், ஆடியிலும் மார்கழியிலும் பலர் சம்மதிக்க மாட்டார்கள். சாமான் ஏற்ற ஒரு பட்டா லொறி போதும். ஏற்றுவதற்கு முதல் நாளே வெறும் வீட்டுக்குப் போய் ஒவ்வொரு அறையையும், வெடிப்பையும், உடைந்த யன்னல் கண்ணாடியையும், மீற்றர் வாசிப்பையும் படம் எடுத்து வீட்டுக்காரரின் வட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். தண்ணீர்த் தாங்கியைக் கழுவி மூடியை இறுக்குங்கள், மாரியில் டெங்கு நுளம்பு அங்கேதான் பெருகும். முன்கதவுப் பூட்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள், பழைய திறப்பு யார் யாரிடம் இருக்கிறதோ தெரியாது. பால் காய்ச்ச ஒரு சட்டி, காஸ் சிலிண்டர், நுளம்பு வலை, வாளி, தும்புத்தடி இருந்தால் முதல் கிழமையை ஓட்டலாம், கட்டில் மேசையை அறைகளை அளந்த பிறகு வாங்குங்கள்.