ஏழு கறியும் காணாமற்போன செம்பும்: சமையல் துப்பறியும் கதை எழுதத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

குற்றம் நடந்திருக்கும், ஆனால் படிப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படியான கொடூரம் எதுவும் பக்கத்தில் இராது. துப்புத் துலக்குபவர் காவல்துறை அதிகாரியாக இல்லாமல் பெரும்பாலும் அடுப்படியில் கைதேர்ந்த ஒருவராக இருப்பார். கதையின் நடுவிலோ இறுதியிலோ அவர் சமைத்த பதார்த்தங்களின் செய்முறைகள் அளவுகளோடு அச்சிடப்பட்டிருக்கும். சமையல் துப்பறியும் நாவல் என்று ஆங்கிலப் பதிப்புலகில் தனிப் பிரிவாகவே வளர்ந்துவிட்ட இந்த இலகுவான கதைவகையை, மொரீஷியஸில் வாழும் நாம் தமிழில் எழுதிப் பார்ப்பது எப்படி என்பதைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோடிகளைச் சுருக்கமாக அறிந்துகொள்வது போதும். அமெரிக்க எழுத்தாளர் ரெக்ஸ் ஸ்டௌட், தலைசிறந்த சமையற்காரர்கள் கூடும் ஓரிடத்தில் கொலை நிகழ்வதாக 1938-இலேயே ஒரு நாவல் எழுதினார். 1982-இல் வர்ஜீனியா ரிச், சமையலில் தேர்ந்த ஒரு கைம்பெண்ணைத் துப்பறிபவராக்கித் தொடர் ஒன்றைத் தொடங்கினார். நமக்குச் சற்று அருகே, தென்னாப்பிரிக்காவின் சாலி ஆண்ட்ரூ 2015-இல் வெளியிட்ட நாவலில், உள்ளூர்ச் செய்தித்தாளுக்கு வரும் மனக்கவலைக் கடிதங்களுக்குச் சமையல் குறிப்புகளோடு பதில் எழுதும் ஒரு பெண்மணியே குற்றத்தையும் துலக்குகிறார்.

இக்கதைகளின் கவர்ச்சிக்குக் காரணம் உணவு வருணனை என்றுதான் பலரும் சொல்கிறார்கள். நாவில் நீர் ஊறச் செய்யும் வருணனையைச் சமையல் புத்தகத்திலும் படிக்கலாம் என்பதால் அந்த விடை எனக்குப் போதவில்லை. கதைக்குள் வரும் செய்முறை ஒரு சாட்சியாகவும் நிற்கும்போதுதான் இவ்வகை உயிர்பெறுகிறது. துப்பறிபவர் எதைக் கொண்டு உண்மையைக் கண்டாரோ அதை வாசகர் தம் சமையலறையிலேயே செய்து சரிபார்த்துக்கொள்ள முடியும்; கைரேகையையும் துப்பாக்கிக் குண்டையும் வைத்து நடக்கும் கதைகளில் அந்த வாய்ப்பு நமக்குக் கிடைப்பதில்லை. கீழே வரும் படிகள் யாவும் இந்த ஓர் எண்ணத்தை ஒட்டியே அமைந்துள்ளன.

முதற்படி: சமையலறையைத் தேர்ந்தெடுத்தல்

துப்பறியும் கதைக்குச் சந்தேகத்துக்குரியோர் ஆறு அல்லது ஏழு பேர் வேண்டும். அவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகவும், குறிப்பிட்ட நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தவர்களாகவும் இருக்க வேண்டும். இதற்குத் தைப்பூசக் காவடி நாளின் கோவில் மடப்பள்ளியைவிடப் பொருத்தமான இடம் நம் தீவில் இல்லை. பத்து நாள் விரதத்தின் முடிவில், காவடி கோவிலை அடைந்த பின்னர் வாழையிலையில் பரிமாறப்படும் ஏழு கறிக்காக, விடியுமுன்பே அங்கே அடுப்பு மூட்டப்படுகிறது. பலாக்காய் நறுக்குபவர், பூசணியைக் கிளறுபவர், இரசத்துக்குப் புளி கரைப்பவர், பாயசத்தைப் பிறரிடம் ஒப்படைக்க மறுப்பவர், எதையும் செய்யாமல் எல்லாரையும் ஏவுபவர் என்று பாத்திரங்கள் தாமாகவே வந்து சேர்கின்றன.

ஊர் உண்மையானதாக இருக்கட்டும். ரோஸ்ஹில் என்றோ கத்ர் போர்ன் என்றோ குறிப்பிடலாம். கோவிலை மட்டும் கற்பனையாக அமைத்துக்கொள்வது நல்லது, இல்லையெனில் வாசிப்பவர்கள் கதையை விட்டுவிட்டு அந்தத் தலைவர் யார், அந்தப் பொருளாளர் யார் என்று தேடத் தொடங்கிவிடுவார்கள்.

இரண்டாம் படி: குற்றத்தைச் சிறிதாக வைத்தல்

இவ்வகை நாவல்களில் கொலையே வழக்கம் எனினும், தொடக்க எழுத்தாளர் களவில் தொடங்குவதே எளிது. உணவில் நஞ்சு கலப்பது எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் பாயசத்தைக் குடித்து ஒருவர் இறந்த பின் அதே பாயசத்தின் செய்முறையை அடுத்த பக்கத்தில் அச்சிட்டால் அதைச் செய்து பார்க்க யாருக்கும் மனம் வராது.

நம் மாதிரிக் கதையில், பால்குடத்துக்கென வைத்திருந்த வெள்ளிச் செம்பு காவடி நாளின் அதிகாலையில் காணாமற்போகிறது. ஊர்வலம் புறப்படுவதற்குள் அது கிடைத்தாக வேண்டும் என்பதால் கதைக்குத் தானாகவே ஒரு காலக்கெடு அமைந்துவிடுகிறது. எடுத்தவர், முந்திய இரவு அதைத் தவறிக் கீழே போட்டு நசுங்கச் செய்துவிட்டு, யாரும் அறியுமுன் தட்டிச் சீராக்கிக் கொண்டுவந்துவிடலாம் என்று எண்ணிய ஓர் இளைஞர். அவர் பிடிபடும்போது வாசகர் சிரிக்கவும் வேண்டும், அவர்மீது சற்று இரங்கவும் வேண்டும்.

துப்பறிபவராக ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரை வைத்துக்கொள்வோம். பாதி ஊருக்குப் பாடம் நடத்தியவர் என்பதால் யார் எப்படிப் பொய் சொல்வார் என்பது அவருக்கு முன்பே தெரியும்.

மூன்றாம் படி: பொருளின் இயல்பிலிருந்து துப்பை எடுத்தல்

வேலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு கறியின் பெயருக்கும் எதிரே, அதிலுள்ள பொருள் கையில், துணியில், பாத்திரத்தில், தொண்டையில் என்ன செய்யும் என்று எழுதி வையுங்கள். வாழைக்காயின் சாறு பட்ட துணியில் கறுப்புக் கறை பிடித்துவிடும். சேம்பின் இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் எனப்படும் ஊசிபோன்ற நுண்படிகங்கள் இருப்பதால், சரியாக வேகாவிட்டால் தொண்டை அரிக்கும். அதைத் தணிக்கத்தான் புளி சேர்க்கிறோம். கொதிக்கும் பாலில் வெல்லத்தைப் போட்டால் பால் திரிந்துவிடக்கூடும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு தணிந்த பிறகே இரண்டையும் சேர்ப்பார்கள். ஆகவே, பல ஆண்டுகளாகப் பாயசம் செய்துவருவதாகச் சொல்லும் ஒருவர் இதை அறியாமலிருந்தால் அவர் சொல்லும் பிறவற்றையும் நம்ப முடியாது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது. மசாவாரு என்னும் மிளகாய் விழுதை அரைத்த கையைத் தண்ணீரில் மட்டும் கழுவிவிட்டுக் கண்ணைக் கசக்கியவர் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடுவார்.

இவற்றுள் மாதிரிக் கதைக்கு நான் தேர்ந்தெடுப்பது பலாக்காயின் பாலை. அது தண்ணீரில் கரையாத பிசின். எண்ணெய் தடவாமல் நறுக்கினால் விரல்களிலும் கத்தியிலும் ஒட்டிக்கொண்டு, பின்னர் அழுக்கும் சேர்ந்து கறுத்துவிடும். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் முழுதாக நீங்காது, எண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் விடும். இனி இளைஞரின் வாக்குமூலத்தை அமைப்போம். செம்பு காணாமற்போன நேரத்தில் எங்கிருந்தாய் என்று ஆசிரியை கேட்கும்போது, நான்கு மணியிலிருந்து மடப்பள்ளியின் பின்கட்டில் பலாக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன் என்கிறார். நறுக்கிய பலாக்காயும் அண்டா நிறைய இருக்கிறது. ஆனால் அன்றைய எண்ணெய் டின்னின் மூடியைப் பொருளாளர் ஆறு மணிக்குத்தான் எல்லார் முன்னிலையிலும் உடைத்தார். எண்ணெயே இல்லாத நேரத்தில் ஓர் அண்டா பலாக்காயை நறுக்கியவருடைய கைகள் எப்படிப் பளிச்சென்று இருக்க முடியும்? உண்மையில் அது பக்கத்து வீட்டு அம்மாள் இரவே தம் வீட்டில் நறுக்கி அனுப்பியது என்று பின்னால் தெரியவருகிறது.

நான்காம் படி: செய்முறைக்குள் துப்பை மறைத்தல்

துப்பறியும் கதையில் நேர்மை என்பது, துப்பறிபவர் அறிந்தவை அனைத்தும் முடிவுக்கு முன்பே வாசகரின் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும் என்பதாகும். ஆகவே எண்ணெயின் தேவை கதையின் முற்பகுதியிலேயே சொல்லப்பட வேண்டும், ஆனால் அது துப்பு என்று தெரியக்கூடாது. அதற்குச் செய்முறையைவிட நல்ல மறைவிடம் இல்லை. மாதிரியாக இதைப் பாருங்கள்.

பலாக்காய்க் கறி, ஆறு பேருக்கு: தோல் நீக்குமுன் எடை ஒரு கிலோ உள்ள பிஞ்சுப் பலாக்காய், எண்ணெய் 4 மேசைக்கரண்டி, கடுகு 1 தேக்கரண்டி, கறிவேப்பிலை 2 இணுக்கு, துருவிய இஞ்சி 1 மேசைக்கரண்டி, மசாலாத்தூள் 3 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, தக்காளி 2, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு, பலாக்காயின் தோலைச் சீவி நடுத்தண்டை நீக்கி, இரண்டு விரற்கடை அளவுத் துண்டுகளாக நறுக்கவும். பாதி உப்பும் மஞ்சளும் சேர்த்த நீரில் 15 முதல் 20 நிமிடம் வேகவைத்து வடிக்கவும். எண்ணெய் காய்ந்ததும் கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி ஆகியவற்றைத் தாளித்து, மசாலாத்தூளைச் சிறிது நீரில் குழைத்துச் சேர்த்து, பச்சை வாசனை போகும்வரை வதக்கவும். நறுக்கிய தக்காளியைச் சேர்த்துக் குழைந்ததும் பலாக்காயையும் மீதி உப்பையும் ஒரு கோப்பை நீரையும் விட்டு, மூடி, மிதமான தீயில் 15 நிமிடம் வைக்கவும்.

எண்ணெய் தடவச் சொன்னது, செய்தித்தாளுக்கும் தோல் சீவுவதற்கும் நடுவில் ஒரு சாதாரணக் கட்டளையாக ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். காரணம் கூறப்படவில்லை, கூறியிருந்தால் கூர்மையான வாசகர் அங்கேயே நிமிர்ந்துவிடுவார். எண்ணெய் டின் திறக்கப்படும் காட்சியை இச்செய்முறையிலிருந்து இரண்டு அத்தியாயங்களேனும் தள்ளி வைப்பதும், அதில் பொருளாளரின் கருமித்தனத்தைப் பற்றிய வேடிக்கையே முன்னால் தெரியும்படி எழுதுவதும் இன்றியமையாதவை.

ஐந்தாம் படி: ஓட்டைகளை அடைத்தல்

எழுதி முடித்ததும், உங்கள் குடும்பத்தில் எதையும் எளிதில் ஏற்றுக்கொள்ளாத ஒருவரிடம் துப்பை மட்டும் சொல்லிப் பாருங்கள். மாதிரிக் கதைக்கு உடனே எழும் கேள்வி, கோவிலில் விளக்கெண்ணெய் இருக்குமே என்பதுதான். அது நியாயமான கேள்வி. ஆகவே விளக்கேற்றும் பொருள்கள் உள்ள அறையின் சாவி குருக்களிடம் இருந்தது என்றும், அவர் வரும்போது மணி ஆறைத் தாண்டிவிட்டது என்றும் முன்பே ஓரிடத்தில் எழுத வேண்டும். மண்ணெண்ணெய் தேய்த்திருக்கலாமே என்று ஒருவர் கேட்பார். அதன் வாடை கறிகள் நிறைந்த மடப்பள்ளியில் எல்லார் மூக்கிலும் ஏறியிருக்கும். வீட்டிலிருந்து எண்ணெய் கொண்டுவந்திருக்கலாமே என்பவருக்கு இளைஞரின் வாயாலேயே பதில் சொல்ல வைக்கலாம்: கை எப்படி இவ்வளவு சுத்தம் என்று ஆசிரியை வியப்பதுபோல் கேட்க, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினேன் என்று அவர் பெருமையோடு சொல்லிவிடுகிறார். பலாக்காயைத் தொட்டறியாதவர்தான் அப்படிச் சொல்வார்.

ஆறாம் படி: ஒரு பொய்த் திகில்

இலகுவான கதைக்கும் ஓரிடத்தில் நெஞ்சு படபடக்க வேண்டும். கைகழுவும் தொட்டியில் சிவப்புக் கறை படிந்த வெள்ளைத் துண்டு கிடக்கிறது. இரத்தம் என்று யாரோ அலறுகிறார்கள். மேளக்காரர்கூட உள்ளே ஓடிவருகிறார். ஆசிரியை அமைதியாக ஓர் எலுமிச்சையை நறுக்கிக் கறைமீது பிழிய, சிவப்பு மஞ்சளாகிவிடுகிறது. மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னும் நிறப்பொருள் காரத்தில் (மிளகாயின் உறைப்பன்று, புளிப்புக்கு எதிரான வேதித்தன்மை) செந்நிறமாகவும் புளிப்பில் மஞ்சளாகவும் மாறும் இயல்புடையது. துணி துவைக்கும் கட்டிச் சோப்பில் காரம் உண்டு. எனவே மஞ்சள் படிந்த கையால் எதையோ பற்றிய ஒருவர் இந்தத் துண்டில் துடைத்து, பதற்றத்தில் சோப்புப் போட்டு அலசியிருக்கிறார். திகில் கலைந்து சிரிப்பு எழும் அதே இடத்தில், மறைக்க ஏதோ இருந்த ஒருவர் அங்கே நின்றிருந்தார் என்ற செய்தியும் வாசகருக்குக் கிடைத்துவிடுகிறது. எழுதுமுன் உங்கள் வீட்டுச் சோப்பில் இதைச் செய்து பாருங்கள், ஏனெனில் பாத்திரம் கழுவும் திரவங்கள் சிலவற்றில் இந்த மாற்றம் தெளிவாகத் தோன்றாது.

எல்லாத் துப்பும் அடுப்படியிலிருந்தே வர வேண்டியதில்லை. பாட்டியின் கையெழுத்துச் சமையல் நோட்டுக்குள், தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே அச்சிடப்பட்ட ஓர் உரூபாத் தாள் கிடைத்தால், நம் தீவின் வாசகருக்கு உடனே காலம் விளங்கிவிடும்: 1998-இல் அவ்வாறு வெளிவந்த தாள்கள் தமிழரின் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டு, 1999-இல் வேறு தாள்கள் வெளியிடப்பட்டன. பழைய காலத்து மர்மம் ஒன்றைப் பின்னணியில் வைக்க விரும்புவோருக்கு இது உதவும்.

ஏழாம் படி: பேச்சும் செய்முறையின் இடமும்

மடப்பள்ளியில் இளையோர் கிரியோலில் பேசிக்கொள்வார்கள் என்பதை மறைக்க வேண்டாம். உரையாடலை எளிய தமிழில் எழுதிவிட்டு, மத்தாந்த் (அத்தை), தோந்தோன் (மாமா) போன்ற விளிச்சொற்களை அப்படியே விட்டால் இடம் விளங்கிவிடும். ஆசிரியையிடம் மட்டும் அனைவரும் தடுமாறியபடியே தமிழில் பேச முயல்வதாக எழுதினால் நகைச்சுவையும் சேரும்.

துப்பு உள்ள செய்முறை கதைக்குள்ளேயே, அந்தப் பதார்த்தம் சமைக்கப்படும் அத்தியாயத்தில் இருக்க வேண்டும். மற்றவற்றை நூலின் இறுதிக்குத் தள்ளலாம். மடப்பள்ளியின் அளவுகள் நூற்றுக்கணக்கானோருக்கு உரியவை என்பதால், ஆறு பேருக்குச் சுருக்கிய பின் சமைத்துச் சுவைத்தே அச்சுக்குக் கொடுக்க வேண்டும், ஏனெனில் உப்பும் காரமும் வெறும் வகுத்தற் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. சமையலில் பழக்கமில்லாத ஒருவரிடம் செய்முறையைக் கொடுத்து, அவர் எந்த வரியில் நின்று கேள்வி கேட்கிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். ஏழு கறிகளின் செய்முறைகளையும் ஒரே நூலில் திணிக்காமல் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். இவ்வகை நாவல்கள் பெரும்பாலும் தொடராகவே வருவதால், மீதி நான்கும் ஆசிரியையின் அடுத்த வழக்குக்குத் தேவைப்படும்.