பிராய்லரிலிருந்து இயற்கை முறைக் கோழி வளர்ப்புக்கு மாறும் வழி

பல்லடம் வட்டார ஒப்பந்தப் பண்ணைகளில் ஒரு பிராய்லர் ஏறத்தாழ 6 வாரங்களில் 2 கிலோ எடையை எட்டிவிடும். நாட்டுக்கோழியோ அதைவிடக் குறைந்த எடைக்கே 5 மாதங்கள் வரை எடுத்துக்கொள்ளும். தீவனச் செலவும் அதற்கேற்ப ஏறுவதால், வாங்குவோரை உறுதி செய்துகொண்ட பிறகே குஞ்சு இறக்க வேண்டும்.

வேகமாகச் சதை போடும் பிராய்லரை மேய்ச்சலுக்கு விட்டால் அது பெரும்பாலும் தீவனத் தட்டின் அருகிலேயே உட்கார்ந்துவிடும் என்பதால், சிறுவிடை, பெருவிடை போன்ற நாட்டுக்கோழி இனங்களே ஏற்றவை.

கொட்டகையில் நெல் உமியையோ தேங்காய் நார்க்கழிவையோ ஆழ்கூளமாக, அதாவது தரையில் தடித்த படுக்கையாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிடுங்கள். கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறக்கும்போது அது உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். குனிந்து, கோழியின் தலை மட்டத்தில் முகர்ந்து பாருங்கள்; நின்றபடி பார்ப்பவருக்கு அம்மோனியா நெடி தெரியாமலே போகலாம்.

இயற்கை முறையில் தடுப்பூசியும் கூடாது என்பது, என் பார்வையில், இத்தொழிலின் மிக ஆபத்தான தவறான எண்ணம். வெள்ளைக்கழிச்சல் என்ற வைரஸ் நோய் வந்தால் மந்தையே அழியக்கூடும். முதல் வாரத்திலேயே அதற்கான தடுப்பூசியைச் சொட்டு மருந்தாகக் கொடுத்துவிட வேண்டும். தவிர்க்க வேண்டியது, வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகளையே. அவை மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்ப்பதால்தான், கோலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை உணவுக்காக வளர்க்கப்படும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்த இந்திய அரசு 2019இல் தடை விதித்தது.

மேயும் கோழிகளுக்குக் குடற்புழுத் தொல்லை கூடுதல் என்பதால், மேய்ச்சல் நிலத்தைப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஓய்வு கொடுத்து மாற்றி மாற்றி மேயவிடுங்கள்.