கேமிங் ஹெட்செட்: வாங்கும் முன் பின்னைப் பாருங்கள்

நான் வாங்கிய முதல் கேமிங் ஹெட்செட்டின் விலை 1,800 ரூபாய். சிவப்பும் நீலமுமாக விளக்கு எரியும். பெட்டியில் 7.1 (எட்டு ஸ்பீக்கர் சுற்றொலி) என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதை மாட்டிக்கொண்டு சித்தப்பா பையன்களோடு வலோரண்ட் என்ற சுடும் விளையாட்டை ஆட உட்கார்ந்த முதல் ராத்திரி, “அண்ணே, பேசுங்க”, “மைக்கை ஆன் பண்ணுங்கண்ணே” என்று சாட்டில் வந்துகொண்டே இருந்தது. நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் இருந்த அப்பாவுக்குக் கேட்டது, அவர்களுக்குக் கேட்கவில்லை.

ஹெட்செட்டில் ஒரு குறையும் இல்லை. நான் பார்க்காமல் விட்டது அதன் பின்னை, அதாவது வயர் நுனியில் கணினிக்குள் செருகும் முனையை. அதற்குப் பிறகு எனக்கும் நண்பர்களுக்குமாக ஏழெட்டு ஹெட்செட் வாங்கியாயிற்று. டெஸ்க்டாப்பில் சுடும் விளையாட்டு ஆடுகிறவர்கள், 1,500 முதல் 3,500 ரூபாய் வரை செலவழிக்கக்கூடியவர்கள், இவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

படி 1: உங்கள் கணினியில் என்ன ஓட்டை இருக்கிறது?

கேபினெட்டின் பின்பக்கம் பாருங்கள். பச்சை நிறத்தில் ஒன்று, இளஞ்சிவப்பில் ஒன்று இருக்கும். பச்சை ஒலிக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு. லேப்டாப் என்றால் பெரும்பாலும் ஒரே ஓட்டைதான், இரண்டு வேலையையும் அதுவே பார்க்கும்.

இப்போது ஹெட்செட்டின் பின். அதன் மேல் இருக்கும் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு வளையம் என்றால் அந்தப் பின் ஒரு வேலைதான் செய்யும். மூன்று வளையம் என்றால் ஒலியும் மைக்கும் ஒன்றாக வருகின்றன. இன்று 3.5 மில்லிமீட்டர் பின்னோடு வரும் ஹெட்செட்டில் பலவும் இந்த மூன்று வளைய ரகம்தான், ஏனென்றால் அதே பின் போனிலும் வேலை செய்ய வேண்டும். இதைப் பச்சை ஓட்டையில் செருகினால் பாட்டு ஜோராகக் கேட்கும், மைக் செத்துக் கிடக்கும்.

யூஎஸ்பி பின் உள்ள ஹெட்செட் என்றால் இந்தத் தலைவலியே இல்லை. நேராகப் படி 3-க்குப் போய்விடலாம்.

படி 2: ஸ்பிளிட்டர் (நான் விழுந்த குழி)

மூன்று வளையப் பின்னின் ஒலியையும் மைக்கையும் தனித்தனி ஓட்டைக்குப் பிரித்துக் கொடுக்க ஸ்பிளிட்டர் என்ற சின்ன வயர் ஒன்று போதும், நூறு இருநூறு ரூபாய்தான். ஆனால் ஸ்பிளிட்டரில் இரண்டு ஜாதி உண்டு.

கடையில் “மைக் வேலை செய்யல” என்று சொன்னேன். “எல்லாரும் இதைத்தான் சார் வாங்கிட்டுப் போறாங்க” என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் பின், மறுபக்கம் இரண்டு ஓட்டை. இது ஒரே போனில் இரண்டு பேர் பாட்டுக் கேட்பதற்கானது. எனக்கு அது தெரியாது. வீட்டுக்கு வந்து செருகினேன், ஒலி வந்தது, மைக் வரவில்லை. சரி, டிரைவர் (ஒலியை இயக்கும் மென்பொருள்) கோளாறு என்று நினைத்து ரியல்டெக் டிரைவரை நீக்கி மறுபடி போட்டேன். மதர்போர்டின் பயாஸை நோண்டினேன். விண்டோஸையே திரும்ப நிறுவ பென்டிரைவ் தயார் செய்துவிட்டேன். இரண்டு மாலை வீண்.

நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: ஒரு பக்கம் ஒரே ஓட்டை, மறுபக்கம் இரண்டு பின். ஒரு பின்னில் ஹெட்போன் படமும் இன்னொன்றில் மைக் படமும் அச்சிட்டிருக்கும், இல்லையென்றால் பச்சை, இளஞ்சிவப்பு என்று நிறம் பிரித்திருக்கும். கடையில் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். “ஒரு ஓட்டை, ரெண்டு பின்” என்று விரலைக் காட்டிக் கேளுங்கள்.

(பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒருவர், “என் ஹெட்செட்டில் பச்சை, இளஞ்சிவப்பு என்று இரண்டு பின் இருக்கிறது, லேப்டாப்பில் ஒரே ஓட்டை. நீங்கள் சொன்ன ஸ்பிளிட்டரை வாங்கினேன், பொருந்தவில்லை” என்று எழுதியிருந்தார். தவறு என்னுடையது. அவருக்கு வேண்டியது இரண்டு ஓட்டை, ஒரு பின். அந்த ஒற்றைப் பின்னில் மூன்று வளையம் இருக்க வேண்டும், ஓட்டைகளில் ஒன்றின் மேல் மைக் படம் இருக்க வேண்டும். பாட்டுக் கேட்கும் ஸ்பிளிட்டரும் தூரத்தில் இருந்து பார்த்தால் இதே மாதிரிதான் தெரியும். வளையத்தை எண்ணாமல் காசு கொடுக்காதீர்கள்.)

இன்னொன்று. கேபினெட்டின் முன்பக்க ஓட்டையில் செருகி, மவுஸை நகர்த்தும்போதெல்லாம் “கீய்ங்” என்று இரைந்தால் ஹெட்செட்டைத் திட்டாதீர்கள். முன்பக்கத்திற்கு வரும் வயர் கேபினெட்டுக்குள் மற்ற வயர்களோடு உரசிக்கொண்டு வருகிறது, இரைச்சலை அங்கேதான் வாங்கிக்கொள்கிறது. பின்பக்கம் மாற்றிப் பாருங்கள். அங்கேயும் இரைந்தால் சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்குங்கள்.

படி 3: பெட்டியில் எழுதியிருப்பதில் எதை நம்புவது?

7.1-ஐ நம்பாதீர்கள். இந்த விலையில் காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான் உள்ளே இருக்கிறது, மீதியெல்லாம் மென்பொருள் செய்யும் கணக்கு. இடப்பக்கம் எழும் சத்தம் இடது காதுக்குக் கொஞ்சம் முந்திப் போகும், வலது காதைத் தலை மறைப்பதால் அங்கே மங்கிக் கேட்கும். இந்த வித்தியாசத்தைப் போலியாக உண்டாக்கினால் மூளை திசையைக் கண்டுகொள்கிறது. கவுன்டர் ஸ்டிரைக் 2, வலோரண்ட் போன்ற விளையாட்டுகள் இந்த வேலையைத் தாமே செய்கின்றன. வலோரண்டில் ஆடியோ அமைப்புகளில் இதற்கென்றே எச்ஆர்டிஎஃப் (HRTF) என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். அதன் மேல் ஹெட்செட்டின் 7.1-ஐயும் போட்டால் ஒரே காபிக்கு இரண்டு பேர் சர்க்கரை போட்ட கதைதான். எதிரி கிணற்றுக்குள் நடப்பது போல் கேட்கும். சாதாரண ஸ்டீரியோ போதும்.

50 மில்லிமீட்டர் டிரைவர் (இங்கே ஹெட்செட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கர்) 40-ஐ விட நல்லது என்பதும் விளம்பரம். ஓம் (மின்தடையின் அளவு) என்ற எண்ணை மட்டும் பாருங்கள். 16, 32, 64 என்றால் மதர்போர்டே ஓட்டிவிடும். 250 என்றிருந்தால் தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும், பக்கத்தில் போகாதீர்கள்.

“டீப் பாஸ்” என்று பெருமையாகப் போட்டிருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். குண்டு வெடிப்பது பிரமாதமாக இருக்கும். அந்த அதிர்வுக்கு அடியில் பின்னால் வரும் காலடிச் சத்தம் அமுங்கிப் போகும், நாம் செத்துப் போவோம்.

புளூடூத் வேண்டவே வேண்டாம். சத்தம் தாமதமாக வரும் என்பது பலருக்குத் தெரியும். தெரியாத விஷயம், அதன் மைக்கை ஆன் செய்த நொடியில் பெரும்பாலும் ஒலியின் தரம் போன் கால் அளவுக்கு இறங்கிவிடும், இடம் வலம் எல்லாம் போய்விடும். வயர் பிடிக்கவே இல்லை என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு (யூஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர்) வருவதை வாங்குங்கள்.

படி 4: காதில் மாட்டிப் பாருங்கள்

சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்தில் வாங்கினால் கூச்சப்படாமல் பத்து நிமிடம் மாட்டிக்கொண்டு நில்லுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு. இரண்டு நிமிடத்தில் எதுவுமே வலிக்காது, எட்டாவது நிமிடத்தில் நெற்றிப்பொட்டு சொல்லும்.

எடை 300 கிராமுக்குள் இருக்கட்டும். ஹைப்பர்எக்ஸ் கிளவுட் ஸ்டிங்கர் 275 கிராம், ரேசர் பிளாக்ஷார்க் வி2 எக்ஸ் 240 கிராம். தள்ளுபடி நாளில் விலை இறங்கும்போது இரண்டையும் யோசிக்கலாம். ஆனால் செயற்கைத் தோல் குஷன் நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் தாங்காது. என்னுடையது உரிந்து, காதோரம் கறுப்புப் பொடியாக ஒட்டிக்கொண்டது. நான் பல்லி எச்சம் என்று நினைத்துத் தலைக்குக் குளித்தேன். துணிக் குஷன் கிடைத்தால் அதையே எடுங்கள்.

உண்மையைச் சொன்னால் இப்போது நான் ஹெட்செட்டே போடுவதில்லை. மூன்‌டிராப் சூ, கேஇசட் மாதிரி காதுக்குள் செருகும் ஐஇஎம் ஒன்று, மேசையில் தனியாக ஒரு மைக். இந்த விலைக்கு இதைவிடத் தெளிவாகத் திசை சொல்லும் ஹெட்செட்டை நான் கேட்டதில்லை. வியர்வையும் இல்லை. குறை என்னவென்றால், காது அடைத்துக்கொள்வதால் நம் குரலே நமக்குக் குடத்துக்குள் பேசுவது போல் கேட்கும். இரண்டு நாளில் பழகிவிடும். சிலருக்குப் பழகாது.

படி 5: வாங்கிய அன்றே

விண்டோஸின் பழைய சவுண்ட் பெட்டியில் கம்யூனிகேஷன்ஸ் என்ற பகுதிக்குப் போய் “டூ நத்திங்” என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் யாராவது பேச ஆரம்பித்ததும் விளையாட்டின் சத்தத்தை விண்டோஸ் தானாகவே குறைத்துவிடலாம். மைக் பூஸ்ட்டை 10 டெசிபலில் தொடங்குங்கள். 30-க்கு ஏற்றினால் உங்கள் குரலைவிட மின்விசிறிதான் அதிகம் பேசும். ஆடும்போது பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் செயலியில் இரைச்சல் நீக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் கவுன்டர் ஸ்டிரைக்கில் பாட்களோடு (கணினியே ஆட்டும் ஆட்கள்) ஒரு மேப்பைத் திறந்து, ஒரு மூலையில் நின்று கண்ணை மூடிக்கொள்ளுங்கள். காலடிச் சத்தம் கேட்டதும் அந்தத் திசைக்கு மவுஸைத் திருப்பிவிட்டுக் கண்ணைத் திறங்கள். இடம் வலம் தப்பவே கூடாது. முன்னா பின்னா என்பதில் எந்த ஹெட்செட்டும் தடுமாறும், பத்துக்கு ஆறேழு சரியாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். இடம் வலமே மாறி வந்தால் முதலில் ஹெட்செட்டைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். நான் ஒரு தடவை அப்படித்தான் கடை வரைக்கும் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டு வந்தேன்.