பேக்குலாவில் பேக்கப் ரத்தாகிறதா? வரம்பைக் கூட்டும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

இரவு 11:10-க்குத் தொடங்கியிருக்க வேண்டிய பேக்கப், காலையில் வந்து பார்த்தால் ரத்தாகிக் கிடக்கிறது. நேர வரம்பைத் தாண்டிவிட்டது என்கிறது பதிவு. உடனே ஓடும் நேரத்துக்கான வரம்பை இரட்டிப்பாக்கத் தோன்றும். நானும் பல மாதங்கள் அதையே செய்தேன். என் விஷயத்தில் அந்த வேலை (ஒருமுறை ஓடும் பேக்கப்பை 'ஜாப்', அதாவது வேலை என்பார்கள்) அதிக நேரம் ஓடியதால் சாகவில்லை. வரிசையில் நின்றே செத்தது.

இங்கே பேச்சு, கணினிகளை பேக்கப் எடுக்கும் பேக்குலா என்ற திறமூல மென்பொருளைப் பற்றி. பேக்கப், டிராகுலா இரண்டையும் ஒட்டி வைத்த பெயர், இரவில்தான் வரும். கீழே வரும் கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

முதல் படி: இரண்டு நேரங்களை ஒப்பிடுங்கள்

ஒவ்வொரு வேலையின் முடிவிலும் பேக்குலா ஓர் அறிக்கை தருகிறது. அதில் 'ஷெட்யூல்டு டைம்' என்பது திட்டமிட்ட நேரம். 'ஸ்டார்ட் டைம்' என்பது உண்மையில் தொடங்கிய நேரம். இரண்டுக்கும் சில நொடிகளே இடைவெளி என்றால் வேலைதான் மெதுவானது. மணிக்கணக்கில் இடைவெளி இருந்தால் யாரோ வழியை மறித்திருக்கிறார்கள்.

அறிக்கையே இல்லையா? திட்டமிட்ட நேரத்தில், வேலைகளைத் தொடங்கிவைக்கும் டைரக்டர் நிரல் ஓடிக்கொண்டிருந்ததா என்று பாருங்கள். அப்போது சர்வர் அணைந்திருந்தால் அந்த முறை போனதுதான். பிறகு வந்து ஈடுசெய்யாது.

இரண்டாம் படி: மறித்தது யார்?

இதை வேலைகள் ஓடும் நேரத்திலேயே பார்க்க வேண்டும். பேக்குலாவுக்குக் கட்டளை கொடுக்கும் பி-கன்சோலைத் திறந்து 'ஸ்டேட்டஸ் டைரக்டர்' என்று கொடுங்கள். காத்திருக்கும் வேலையின் பக்கத்திலேயே காரணமும் இருக்கும். அடிக்கடி தென்படுபவை இரண்டு.

ஒன்று, 'மேக்ஸிமம் கன்கரண்ட் ஜாப்ஸ்'. ஒரே சமயத்தில் எத்தனை வேலைகள் ஓடலாம் என்ற எண் இது. டைரக்டரின் அமைப்புக் கோப்பில் கிளையன்ட் (நகலெடுக்கப்படும் கணினி), ஸ்டோரேஜ் (நகல் போய்ச் சேரும் இடம்) பகுதிகளில் இதை நீங்கள் எழுதாவிட்டால் மதிப்பு 1. பத்துக் கணினிகள் ஒரே ஸ்டோரேஜுக்கு எழுதினால் ஒன்பது வெளியே நிற்கும்.

மற்றொன்று, முன்னுரிமை எண். இயல்பு மதிப்பு 10. சிறிய எண் முதலில் போகும். வெவ்வேறு எண் கொண்ட வேலைகள், நீங்கள் தனியே அனுமதித்தால் ஒழிய, ஒன்றாக ஓடுவதில்லை. 10-ல் உள்ள கடைசி வேலை முடியும்வரை 11 காத்திருக்கும்.

மூன்றாம் படி: எந்த வரம்பு கொன்றது?

டாக்டரிடம் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் வாங்கிய நேரம் ஒன்று, உள்ளே அழைக்கப்பட்ட நேரம் வேறு.

'மேக்ஸ் ஸ்டார்ட் டிலே' டோக்கனுக்கும் அழைப்புக்கும் இடைப்பட்ட நேரத்தை அளக்கிறது. 'மேக்ஸ் ரன் டைம்' உள்ளே போனபின்தான் ஓடத் தொடங்கும். 'மேக்ஸ் ரன் ஷெட் டைம்' டோக்கன் வாங்கியதிலிருந்தே எண்ணும், காத்திருப்பையும் சேர்த்து. 'மேக்ஸ் வெய்ட் டைம்' வேறு வகை: உள்ளே போன பிறகு டேப் மாற்ற ஆள் வராதது போன்ற காரணங்களால் சும்மா நிற்கும் நேரத்துக்கு அது வரம்பு. ரத்தான வேலையின் பதிவில் எந்த வரம்பு என்று எழுதியிருக்கும்; அதை மட்டும் தொடுங்கள்.

என்னைப் பல மாதங்கள் ஏமாற்றியது இதுதான். பேக்குலாவுடன் வரும் மாதிரி அமைப்பில் மாதத்தின் முதல் ஞாயிறு இரவு 11:05-க்கு முழு பேக்கப். எந்தக் கோப்பின் நகல் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் கேட்டலாக் எனப்படும் தரவுத்தளத்தின் பேக்கப் தினமும் 11:10-க்கு, முன்னுரிமை 11. இரண்டும் ஒரே 'ஜாப்டெஃப்ஸ்' பகுதியிலிருந்து அமைப்புகளைப் பெறுகின்றன. பகலில் எதுவும் தொடங்கக் கூடாது என்று நான் அந்தப் பொதுப் பகுதியில் தொடக்கத் தாமத வரம்பை 4 மணி நேரம் என்று எழுதினேன். மற்ற நாள்களில் பிரச்சினை இல்லை. முதல் ஞாயிறு முழு பேக்கப் விடியற்காலை 5 மணி வரை போகும். கேட்டலாக்கின் கெடு 3:10-க்கே முடிந்துவிடும். மாதம் ஒருமுறை, அதுவும் மிக முக்கியமான நாளில், கேட்டலாக் நகல் இல்லை. கேட்டலாக் வேலைக்குள் அந்த வரம்பைத் தனியாக, பெரிதாக எழுதியதும் சரியாயிற்று.

நான்காம் படி: அலகைச் சரிபாருங்கள்

வரம்பில் வெறும் 4 என்று எழுதினால் நான்கு நொடி. '30 எம்' என்று எழுதினால் அரை மணி நேரம் இல்லை. பேக்குலாவுக்கு எம் என்றால் மாதம். முப்பது மாதம்! 'மினிட்ஸ்', 'ஹவர்ஸ்' என்று முழுதாகவே எழுதுங்கள்.

ஐந்தாம் படி: புதிய கணினி சேர்த்திருந்தால்

கேட்டலாக்கில் பொருத்தமான முழு பேக்கப் இல்லையென்றால், திங்களன்று வரும் இன்கிரிமெண்டலை (மாறியதை மட்டும் எடுக்கும் பேக்கப்பை) பேக்குலா தானே முழு பேக்கப்பாக உயர்த்திவிடும். முதல் முழு பேக்கப் 'மேக்ஸ் ரன் டைம்' வரம்பில் ரத்தானால் திங்கள், செவ்வாய், புதன் என எல்லா இரவும் முழு பேக்கப் தொடங்கிப் பாதியில் சாகும். முழுமையான நகல் ஒன்றும் மிஞ்சாது. வரிசை மட்டும் அடைபடும். முதல் நகலை வரம்பில்லாமல், விடுமுறை நாளில், கையாலேயே ஓட்டிவிடுங்கள். பிறகு 'இன்கிரிமெண்டல் மேக்ஸ் ரன் டைம்' வைத்தால் அன்றாட வேலைக்கு மட்டும் கடிவாளம் கிடைக்கும்.

ஆறாம் படி: மாற்றியதை ஏற்றுங்கள்

கோப்பைச் சேமித்தால் மட்டும் போதாது. முதலில் டைரக்டர் நிரலை '-டி' என்ற சிறிய எழுத்துத் தெரிவுடன் ஓட்டிப் பிழை இருக்கிறதா என்று சோதியுங்கள். பிறகு பி-கன்சோலில் 'ரீலோடு' கொடுங்கள். ஏற்கெனவே ஓடும் வேலைகள் பழைய அமைப்பிலேயே முடியும்.

கடைசியாக, வரப்போகும் வேலைகளின் பட்டியலைப் பார்க்க பி-கன்சோலில் 'ஸ்டேட்டஸ் டிர் டேஸ்=35' கொடுங்கள். 35 நாள் என்றால் அடுத்த முதல் ஞாயிறு அந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்கும். அன்றைய இரவில் எத்தனை வேலைகள் ஒரே நிமிடத்தில் குவிந்திருக்கின்றன என்று எண்ணுங்கள்.