ரிசீவரின் கல்லூரிக் கணக்கைப் பார்ப்பது எப்படி? ஒரு கொத்தனாரின் வழி

அமெரிக்கன் ஃபுட்பால் பைத்தியம் எனக்குச் செங்கல்லால் பிடித்தது. கடலூர் முதுநகரில் கொத்தனார் வேலை. டெக்சாஸில் படிக்கும் அக்கா மகன் ஒருமுறை ஜெர்ரி ரைஸ் கதையைச் சொன்னான். மிசிசிப்பியில் அவருடைய அப்பாவும் கொத்தனாராம். பிள்ளைகள்தான் சித்தாள். அண்ணன் தம்பிகள் வீசும் செங்கல்லை இவர் சாரத்தில் நின்று பிடிப்பாராம். என்.எஃப்.எல். என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் வரலாற்றில் அதிக கேட்ச், அதிக யார்டு (பந்தைப் பிடித்து முன்னேறிய தூரம்) இரண்டும் அவர் பெயரில்தான். "உங்க வேலைதான் மாமா" என்றான். அப்புறம் தூக்கம் போச்சு.

வைட் ரிசீவர் என்றால், அணியில் பந்தை எறியும் ஆளான குவார்ட்டர்பேக் எறிவதை ஓடிப் பிடிப்பவர். என்.எஃப்.எல். அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். பள்ளி முடித்து 3 ஆண்டு ஆகாமல் அதில் யாரையும் எடுக்க மாட்டார்கள். அதுவரைக்கும் கல்லூரிக் கணக்குதான் அவன் ஜாதகம்.

முதலில் எத்தனை சீசன் ஆடினான் என்று பாருங்கள். களமிறக்காமல் ஒரு வருடம் உட்கார வைத்துப் பழக்குவதை ரெட்ஷர்ட் என்பார்கள். அந்த வருடம் காலியாக இருந்தால் அவனை மட்டமாக நினைக்க வேண்டாம்.

அடுத்து யார்டை கேட்ச்சால் வகுங்கள். கூப்பர் கப் என்ற ரிசீவர் ஈஸ்டர்ன் வாஷிங்டன் கல்லூரியில் 4 சீசனில் 428 கேட்ச், 6,464 யார்டு, 73 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது). ஒரு கேட்ச்சுக்கு 15 யார்டுக்குச் சற்று மேல். பிரமாதம்தான், ஆனால் எதிரில் நின்றவர்கள் யார்? அந்தக் கல்லூரி ஆடியது கல்லூரி ஆட்டத்தின் இரண்டாம் அடுக்கில். அதனால்தானோ என்னவோ 2017 டிராஃப்ட்டில் 69-வது ஆளாகத்தான் போனார். ரைஸும் மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரிக்காரர். 1984-ல் 27 டச்டவுன் பிடித்தும், அடுத்த வருட டிராஃப்ட்டில் 16-வதாகத்தான் அவரை எடுத்தார்கள். எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், சின்ன இடம் என்று ஒதுக்கவும் வேண்டாம். எறிந்தவன் யார் என்றும் விசாரியுங்கள். ரைஸ் அணி எந்நேரமும் பந்தை எறிந்துகொண்டே இருந்த அணி.

சரி, இனி கண்ணுக்கு வேலை. செங்கல்லை விறைத்த கையால் எதிர்கொண்டால் விரல் தோல் போய்விடும். அது வரும் போக்கிலேயே கையையும் கொஞ்சம் இறக்கி வாங்க வேண்டும். பந்தும் அப்படித்தான். நெஞ்சுக்கு மேலே வந்தால் கட்டைவிரல்கள் சேர வேண்டும், இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள். எதற்கெடுத்தாலும் நெஞ்சில் அணைத்துப் பிடிப்பவனை நான் நம்ப மாட்டேன், எத்தனை யார்டு வைத்திருந்தாலும் சரி. உடம்பைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். டெவான்டா ஸ்மித் என்ற ரிசீவர் 75 கிலோதான் இருப்பார், ஒல்லிக்குச்சி. 2020-ல் அலபாமா கல்லூரிக்கு 117 கேட்ச், 1,856 யார்டு, 23 டச்டவுன். 1991-க்குப் பிறகு, சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கிய முதல் ரிசீவர் அவர்தான்.

கடைசியாகக் கால். கோட்டோரம் பிடிக்கும்போது கல்லூரியில் ஒரு கால் உள்ளே பட்டால் போதும். தொழில்முறையில் இரண்டும் பட வேண்டும். ஆகவே கல்லூரி ஆட்டத்திலேயே இரண்டாவது காலையும் இழுத்து உள்ளே வைக்கிறானா என்று பாருங்கள், அவன் முன்கூட்டியே தயாராகிறான். ஆட்டங்கள் நமக்குச் சனி இரவு ஒன்பதரை வாக்கில் தொடங்கி ஞாயிறு விடிந்தும் ஓடும். ஞாயிறு வேலை இல்லாத வாரமாகப் பார்த்து உட்காருங்கள்.

போன லீவில் மருமகன் வந்தபோது தேவனாம்பட்டினம் மணலில் தென்னை மட்டையால் கோடு கிழித்துப் பார்த்தோம். பத்து பந்து எறிந்தான், ஏழு பிடித்தேன். ஏழிலும் வலது கால் உள்ளே, இடது கால் வெளியே. "கல்லூரிக்குப் போதும் மாமா" என்றான்.